அக்கா இஸ் தி ஸ்லோயஸ்ட்

நான் சோம்பேறி, கோபக்காரி, ஆமை. இதையெல்லாம் தமிழில் பல வருஷமாகக் காது குளிரக் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு கெடுதலும் நடந்ததில்லை. இங்கிலீஷில் ஒரே ஒரு சாயங்காலம் சொன்னார்கள், என் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது.

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் கட்டாகக் கட்டி, டேப் சுற்றி அனுப்புவார்கள். எங்கள் கம்பெனி என்றுதான் ஊரில் சொல்லிக்கொள்வேன். ஆனால் நான் கான்ட்ராக்ட் ஆள். எங்களுக்குக் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் அடையாள அட்டை தொங்கும். கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு நீலக் கயிறு. "ஊட்ல ஒரு மஞ்சக் கயிறு, இங்க ஒரு மஞ்சக் கயிறு, ரெண்டாலயும் ஒரு சொகத்தையும் காணோம்" என்று நான் சொல்வேன். எங்களை ஏற்றிப்போகிற வேனே சிரிக்கும்.

சிரிப்புக்குச் சொன்னாலும் அந்த நீலக் கயிற்றின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். மஞ்சள் கயிறு என்றால், ஆர்டர் குறைந்த மாதம் ஒரு போன் வரும். "நாளையிலேர்ந்து வராதீங்க, அப்புறம் கூப்பிட்றோம்." அவ்வளவுதான். அந்த போன் எனக்கு ஒருமுறை வந்திருக்கிறது. கூப்பிடும்வரை மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தேன். கணவர் ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மழை பிடித்தால் அவருக்கும் ஓட்டம் கிடையாது. மகள் பிளஸ் டூ. அடுத்த வருஷம் காலேஜ். இன்னொரு போன் வந்தால் தாங்காது என்று ஒவ்வொரு நாளும் அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது நினைப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் வரிசையாக நின்று ஒயர் கட்டுகிற எங்கள் லைனில் லீடராக இருந்த பெண் கல்யாணமாகி ஓசூர் பக்கம் போனாள். இடம் காலி. லீடர் ஆகிறவளுக்கு நீலக் கயிறு உண்டு, நைட் ஷிஃப்ட் கிடையாது. லைனில் எல்லாரையும்விடப் பழைய ஆள் நான். வேலைக்குப் புதிதாக வந்தவளுக்கு எந்த ஒயரை எந்த ஓட்டையில் சொருகவேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிக்கொடுப்பவளும் நான்தான். அதனால் அந்த இடம் எனக்கு என்று லைனே முடிவு கட்டிவிட்டது. "லீடரம்மா, டீ வாங்கிக் குடுங்க" என்று அதற்குள் கிண்டல்கூட ஆரம்பித்தாகிவிட்டது.

கிண்டல் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எங்கள் வேன் வெள்ளானூரில் கிளம்பி, ஆவடியில் ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லி வழியாகத் திருமழிசை போகும். என் வீடு வெள்ளானூர். முதல் ஸ்டாப்பிலேயே நான் லேட். டிரைவர் ஹார்ன் அடித்து அடித்துத் தெருவையே எழுப்பிவிடுவார். நான் ஒரு கையில் டிபன் பாக்ஸும் வாயில் ஹேர்பின்னுமாக ஓடிவருவேன். அதனால் ஆவடியில் நிற்கிறவர்களுக்கும் தாமதம், பூந்தமல்லியில் நிற்கிறவர்களுக்கும் தாமதம். ஏறும்போதே ஆரம்பிப்பார்கள். "யம்மா ஆம, இன்னிக்கின்னா முட்ட போட்டுட்டு வந்தியா?" நான் சும்மா விடுவேனா? "ஆமாண்டி, உன்ன மாரி ஒரு கூமுட்ட" என்பேன். இப்படித்தான் போகும். எங்கள் வேனில் வாங்க போங்க என்று மரியாதை கொடுத்தால், அந்த ஆளை யாருக்கும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இதில் ஆவடியில் ஏறுகிற ஒருத்தி சரியான வாயாடி. வயதில் சின்னவள், காலேஜ் முடித்தவள். என்னைக் கலாய்ப்பதில் அவள்தான் முதல். பூந்தமல்லியில் ஏறுகிற ஒருத்தி அதற்கு நேர் எதிர். லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று டேப் சுற்றுவாள். கேட்டால் பதில், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மற்றவர்கள் சிரித்தால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்வாள். இந்த இரண்டு பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் கூட்டம்.

வெளிநாட்டிலிருந்து ஒரு கார் கம்பெனி ஆட்கள் எங்கள் வேலையைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது. அவர்கள் லைனுக்கே வந்து கேள்வி கேட்பார்களாம், நாங்களும் நாலு வார்த்தை பேசவேண்டுமாம். ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் இங்கிலீஷ் வகுப்பு போட்டார்கள். சொல்லிக்கொடுக்க வந்த மிஸ் கோயம்புத்தூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஐடி வேலை, அயனம்பாக்கத்தில் ஃபிளாட். என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டு அவர் பேசப் பேச, எங்களுக்கே நாங்கள் பெரிய மனுஷிகள் ஆகிவிட்டதுபோல இருந்தது.

அன்றைக்கு ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்வது எப்படி என்ற பாடம்.

"சின்ன வார்த்தைன்னா பின்னாடி ஒரு வாலை ஒட்டுங்க," என்றார் மிஸ். "டால், டாலர், டாலஸ்ட். ஒய்-ல முடிஞ்சுதுன்னா அதை ஐ-யா மாத்திட்டு ஒட்டணுங்க. லேஸி, லேஸியர், லேஸியஸ்ட். நீளமான வார்த்தைக்கு வால் ஒட்டாதுங்க. அதுக்கு முன்னாடி மோர், மோஸ்ட்."

"மோரா மிஸ்? வெயிலுக்கு நல்லாக்கீமே," என்றாள் ஆவடிக்காரி.

மிஸ்ஸே சிரித்துவிட்டார். அப்புறம் குட், பெட்டர், பெஸ்ட் என்று எந்த வாலுக்கும் அடங்காத நாலு வார்த்தைகளைப் போர்டில் எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. தமிழில் இந்த இம்சை உண்டா? 'அவளைவிட' என்று ஒன்று, 'எல்லாரிலேயும்' என்று ஒன்று. வார்த்தை குட்டையோ நெட்டையோ, அது தன் பாட்டுக்கு அப்படியே நிற்கும். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு அலங்காரம். கடைசி ஆளுக்கு முன்னால் 'தி' வேறு போடவேண்டுமாம். 'தி' போட்டால், அது ஒன்றே ஒன்றுதான், அதற்கு மேல் ஆளே இல்லை என்று அர்த்தமாம்.

மூன்று பேரை எழுப்பி நிறுத்தி உயரம் பார்த்து டால், டாலர், டாலஸ்ட் சொன்னோம். அதுவரை ஒரு வம்பும் இல்லை. "இனி நீங்களே சொல்லுங்க. பழகின ஆளை வெச்சுச் சொன்னாத்தான் மறக்காது," என்று மிஸ் ஆளுக்கொரு வார்த்தையைக் கொடுத்து, 'இன் அவர் லைன்' என்று போர்டில் எழுதிவிட்டார். 'தி' போட்ட வாக்கியத்தை அதில்தான் முடிக்கவேண்டும்.

ஒருத்தி எழுந்து, பக்கத்தில் இருந்தவளைக் காட்டி, "ஷி இஸ் ஃபேட்டர் தேன் மீ" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"யார்ரீ குண்டு? உன் மூஞ்சிய கண்ணாடில பாத்துகினியா நீ?"

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. கேன்டீன் கப்சிப். யாராவது ஏதாவது செய்து அந்த நிமிஷத்தைத் தாண்டவேண்டும். ஆவடிக்காரிதான் எழுந்தாள். என் பக்கம் திரும்பி, மேடையில் பேசுகிறமாதிரி கையை நீட்டினாள்.

"அக்கா இஸ் ஸ்லோ. அக்கா இஸ் ஸ்லோயர் தேன் மீ. அக்கா இஸ் தி ஸ்லோயஸ்ட் இன் அவர் லைன்!"

கேன்டீன் வெடித்தது. ஆமையை இங்கிலீஷிலும் பிடித்துவிட்டாளே என்று நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன். அழுதுகொண்டிருந்தவளும் சிரித்துவிட்டாள். அதன்பிறகு யாருக்கும் யோசனையே இல்லை. கெட்ட வார்த்தை யார் பங்குக்கு வந்தாலும் நேரே என்னிடம்தான். டீ வாங்க நான் எழுந்து போகாமல் மற்றவர்களை அனுப்புவேன், அதற்காக லேஸியஸ்ட். வேனுக்குக் குறுக்கே பைக்கை நிறுத்தியவனை ஒருநாள் கிழிகிழியென்று கிழித்தேன், அதற்காக ஆங்ரியஸ்ட். எல்லாவற்றுக்கும் பின்னால் 'இன் அவர் லைன்'. ஒவ்வொன்றுக்கும் நானே கைதட்டினேன்.

கடைசியாகப் பூந்தமல்லிக்காரியின் முறை. அவள் பங்குக்கு வந்தது பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். எழுந்து நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசியில் அவள் பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

"அக்கா இஸ் வொர்ஸ்ட்."

"தி," என்றார் மிஸ்.

"தி வொர்ஸ்ட்," என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் விசில் அடித்தேன். ஆமாம், எனக்கு விசில் அடிக்கத் தெரியும். இத்தனை நாளும் பக்கத்திலேயே நின்றும் அவள் வாயிலிருந்து ஒரு கிண்டலைக் கேட்டதில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த விசில் சத்தத்தில்தான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் டீ கிளாஸும் கையுமாகப் பெரிய சார் நின்றிருந்தார்.

பெரிய சார் என்றால் எங்கள் புரொடக்ஷன் மேனேஜர். வடக்கத்திக்காரர், வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எங்கள் கேன்டீன் டீயைத்தான் குடிப்பார், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். அவர் மிஸ்ஸிடம் எதையோ கேட்டார். மிஸ் சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டினார். நான் எழுந்து, "குட் ஈவினிங் சார்" என்றேன். அவர் என்னை நன்றாகப் பார்த்துத் தலையசைத்தார். சாருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, இனி லீடர் வேலை கையில் வந்தமாதிரிதான் என்று வேனில் எல்லாரும் சொன்னார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் காலையில், லைன் ஓட ஆரம்பிக்குமுன் எங்களை நிற்கவைத்து சூப்பர்வைசர் பேசினார். புது லீடர் பேரைச் சொன்னார். ஆவடிக்காரி பேர்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் உதடு அசைவது தெரிகிறது, சத்தம் இல்லை. யாரும் கைதட்டவில்லை. ஆவடிக்காரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பரிசு விழுந்தவள் பார்வையா அது? திருட்டுப் பழி விழுந்தவள் மாதிரி இருந்தாள். மணி அடித்து லைன் ஓட ஆரம்பித்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது. என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

டீ நேரத்தில் சூப்பர்வைசரைத் தண்ணீர் கேன் பக்கத்தில் மடக்கினேன். அவர் பூந்தமல்லிப் பையன், என்னைவிடச் சின்னவர்.

"யக்கா, நான் இன்னா பண்றது? நான் உன் பேரத்தான் குடுத்தேன். பெரிய சாரு வேணான்ட்டாரு."

"ஏனாம்?"

"நீ ஸ்லோவாம். சோம்பேறியாம். எரிஞ்சி எரிஞ்சி உழுவியாம்."

"எவன் சொன்னது?"

"எவனும் இல்லக்கா. உங்க லைனே சொல்லிச்சாம். அவரே காதால கேட்டுகினு நின்னாராம். ஒர்த்தி ரெண்டு பேர் சொன்னா பொறாமனு உட்ருவேன், மொத்த லைனும் ஒரே ஆளத்தான் கை காட்டிச்சு, அந்த ஆளையே அவங்க தலைமேல உக்கார வெச்சா லைன் நடக்குமானு கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்ல?"

"அடப்பாவி! அது வெளாட்டுய்யா!"

"எனுக்குத் தெரியுதுக்கா. அவருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த கிளாஸ் வழிந்து செருப்பெல்லாம் நனைந்தது, நான் குழாயை மூடவில்லை. ஐயோ, எங்கள் ஆமையும் சோம்பேறியும் இங்கிலீஷில் சாட்சி சொல்லப் போய்விட்டனவா? தமிழில் 'சோம்பேறி' என்றால் கூடவே ஒரு 'அடியே' வரும், முதுகில் ஒரு தட்டு வரும், இழுத்து ராகம் போடுகிற ஒரு குரல் வரும். அதுதான் பேச்சே. இங்கிலீஷில் அதில் ஒன்றுமே வரவில்லை. அட்டைப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள்மாதிரி அர்த்தம் மட்டும் போய் அவர் காதில் ஒட்டிக்கொண்டது. அதில் 'இன் அவர் லைன்' வேறு. வேனுக்கு லேட்டாக வருகிறவள், லைனிலேயே மந்தமான வேலைக்காரி ஆகிவிட்டேன். அதையும் நானே கைதட்டி, விசிலடித்து ஒப்புக்கொண்டிருக்கிறேன்!

வீட்டில் சொன்னேன். கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"உள்ள இல்லாமயா வாயில வந்துச்சு?"

"வாய மூடிகினு துண்ணு," என்று கத்திவிட்டேன். கத்திவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி ஈரத்துணிமாதிரி மேலேயே ஒட்டிக்கொண்டது. ஒருத்தி சொன்னால் விளையாட்டு. எல்லாரும் சொன்னால்? சிரித்துச் சிரித்து இத்தனை வருஷமும் அவர்கள் என்னிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தார்களோ? நான் பைத்தியக்காரிமாதிரி அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேனோ?

மறுநாள் வேன் வருமுன்பே தெருமுனையில் போய் நின்றேன். டிரைவர் ஹார்ன் அடிக்க வேலையில்லாமல் என்னைப் பேயைப் பார்க்கிறமாதிரி பார்த்தார். ஆவடியில் கும்பல் ஏறியது. யாரும் ஆமை என்று கூப்பிடவில்லை.

"வாங்கக்கா. சன்னலாண்ட உக்காருங்கக்கா."

வாங்கக்கா! உட்காருங்கக்கா! செய்த காரியம் தாங்காமல்தான் அப்படிப் பேசுகிறார்கள் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு கேட்கவில்லை. எங்கள் வேனில் யாருக்கு மரியாதை கிடைக்கும் என்று நான்தான் சொன்னேனே. ஆவடிக்காரி என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "யக்கா, நான் வேணான்னு எழுதிக் குடுத்துர்றேன்," என்றாள்.

"அறைஞ்சன்னா தெரியும். நீ வேணான்னா நீலக் கயிறு வேற லைனுக்குப் பூடும். போடுறீ கழுத்துல."

கோபமாகத்தான் சொன்னேன், ஆனால் பழைய கோபம் இல்லை. திருமழிசை வரும்வரை ஹைவேஸில் பஸ்கள் போகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு போனோம். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். நான் லைனில் பறந்து பறந்து வேலை செய்தேன். என் கை உண்மையிலேயே மெதுவா என்று பக்கத்துக் கையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒயர் குத்தி விரலில் ரத்தம் வந்தது. பூந்தமல்லிக்காரி பேசாமல் ஒரு துண்டு டேப்பைக் கிழித்து என் விரலில் சுற்றிவிட்டாள். அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நீதானடி என்னை எல்லாரிலும் கேடுகெட்டவள் என்று சொன்னாய் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வகுப்புக்குப் பெரிய சார் மறுபடி டீயோடு வந்து நின்றார். ஆவடிக்காரி எழுந்தாள். "சார், ஒன் மினிட்," என்றாள். எல்லாரும் எழுந்தார்கள். எனக்குத் தெரியாமல் பேசிவைத்திருக்கிறார்கள்.

"அக்கா இஸ் தி ஃபாஸ்டஸ்ட் இன் அவர் லைன்! அக்கா இஸ் தி பெஸ்ட் இன் அவர் லைன்!"

ஸ்கூல் பிள்ளைகள்மாதிரி கோரஸாக! எனக்கு மேஜைக்கு அடியில் பூந்துகொள்ளலாம்போல இருந்தது. பெரிய சார் கிளாஸைக் கீழே வைத்தார். இங்கிலீஷில் பொறுமையாக ஏதோ கேட்டார். மிஸ் எங்கள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஸ்லோயஸ்ட்னு சொன்னீங்க, இன்னைக்கு ஃபாஸ்டஸ்ட்ங்கறீங்க. எதைத்தான் நம்பறதுன்னு கேக்கறாருங்க."

நியாயமான கேள்வி. இங்கிலீஷில் எங்களுக்கு வால் ஒட்டத் தெரியும், அவ்வளவுதான். நடந்ததைச் சொல்லத் தெரியாது. ஆவடிக்காரி தமிழில் கொட்டினாள். வேனுக்கு நான் லேட்டாக வருவது, ஆமை, டீ, பைக்கைக் குறுக்கே நிறுத்தியவன், அன்றைக்கு ஒருத்தி அழுதது, எல்லாம் சொன்னாள். மிஸ் முகம் சிவக்கச் சிவக்க இங்கிலீஷில் சொன்னார். தான் கைகாட்டியதால் வந்த வினை என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பெரிய சார் முழுவதும் கேட்டார். தலையசைத்தார். அப்புறம் இன்னொன்று கேட்டார். அதைத் தமிழில் சொல்ல மிஸ்ஸுக்குச் சங்கடம்.

"சரி, விளையாட்டுன்னே வெச்சுக்குவோம்ங்கறாருங்க. அப்ப ஏன் எல்லாரும் இவங்களை மட்டுமே சொன்னாங்க, வேற ஆளே கெடைக்கலியான்னு கேக்கறாருங்க."

ஒரு வாரமாக என்னைக் குடைகிற கேள்வி அது. திரும்பி அவர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. ஆவடிக்காரிகூட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் சொன்னது சரிதான் என்று எனக்குள் ஏதோ சரிந்து விழுந்தது.

அப்போது பூந்தமல்லிக்காரி எழுந்தாள்.

"மிஸ், நான் சொல்றேன். சார்கிட்ட சொல்லுங்க. எங்க ஊட்ல என்னிய தெனம் அந்த வார்த்தைதான் சொல்லுவாங்க. தமிழ்ல. மாமியா சொல்லும், அவரும் சொல்லுவாரு. நான் பதிலுக்கு ஒரு வார்த்த பேசுனதில்ல. பேசுனா கை நீட்டிருவாங்க." அவள் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு நீங்க வொர்ஸ்ட் சொல்லச் சொன்னீங்க. யாரச் சொல்றதுனு ஒவ்வொர்த்தரா பாத்தேன். பயமா இருந்துச்சு. அக்காவப் பாத்தா மட்டும் பயமா இல்ல. அக்காவ இன்னா சொன்னாலும் அடிக்கமாட்டாங்க. மறுநாளும் என்கூட பேசுவாங்க. அதான் சொன்னேன்."

உட்கார்ந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தபடியே, "இவங்களுக்கும் அப்டித்தான் மிஸ்," என்றாள்.

எத்தனை வருஷம்! ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறாள். என் டப்பாவில் இருந்து அவள் எடுப்பாள், அவள் டப்பாவில் இருந்து நான் எடுப்பேன். கை நீட்டுவார்கள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னதில்லையே பாவி. நான் ஒரு கயிற்றுக்காக உருகிக்கொண்டு நிற்கிறேன், இவள் பக்கத்தில் நின்று எதை எதையோ விழுங்கிக்கொண்டு டேப் சுற்றியிருக்கிறாள்.

மிஸ் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சொன்னார். அவள் சொன்னது நீளம், இங்கிலீஷில் ரொம்பக் குட்டையாகத்தான் இருந்தது. பெரிய சார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லீடர் பேர் மேலிடத்துக்குப் போய்விட்டதாம், வெளிநாட்டுக்காரர்கள் வருமுன் மாற்றமுடியாதாம், அடுத்தமுறை பார்க்கலாமாம். மெதுவாகத்தான் சொன்னார். டீ கிளாஸை எடுக்காமலே போனார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கழுத்தில் இன்றும் மஞ்சள் கயிறுதான்.

அன்றைக்கு வேனில் நான் போய்ப் பூந்தமல்லிக்காரி பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பும்போது முதலில் இறங்குகிறவள் அவள்தான்.

"ஏய், எங்க, இன்னொரு வாட்டி சொல்லு."

"இன்னாதுக்கா?"

"அதான்டீ. அந்த இங்கிலீஷ் வசவு."

"வேணாங்கக்கா. அன்னிக்குச் சொன்னதுக்கே உங்க வேல..."

"அடச்சீ! கயிறு போனா போவுது. நீங்கல்லாம் இன்னும் ரெண்டு நாளு இப்டி வாங்க போங்கன்னு பேசினிங்கனு வெய்யி, நான் செத்தே பூடுவேன். சொல்லுடீ!"

அவள் என் தோளோரம் குனிந்து முணுமுணுத்தாள். கேக்கல என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். டிரைவருக்கே கேக்கல என்றேன். பின்னால் ஆவடிக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஆமைக்கு காதும் டமாரம்டீ," என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வேன் சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

பூந்தமல்லி வந்தது. அவள் இறங்கினாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்று, திரும்பி, என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். துப்பட்டாவைத் தோளில் தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்கத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"அக்கா இஸ் தி வொர்ஸ்ட்!"

நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே சாலையைத் தாண்டி நடந்தாள். வண்டியைக் கிளம்பவிடாமல் முன்னால் லாரி ஒன்று மறித்து நின்றதால் அவளைக் கடைசிவரை பார்க்க முடிந்தது. அவள் வீட்டுத் தெருமுனை வந்தது. நின்றாள். துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், தலையைக் குனிந்துகொண்டாள், உள்ளே போனாள்.